திறப்பு விழாவுக்கு மறுநாள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் இலக்கியம், சமயம், வரலாறு என்று ஏதாவது ஒன்றைத்தான் பலரும் எதிர்பார்ப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அன்றாடம் சார்ந்தது. ஒரு சிறிய வட்டாரம் தன் நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் விளையாட்டுத் திடலையும் எப்படிக் கட்டிக் காப்பது? இந்தக் கேள்வியைப் பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நின்று கேட்பதுதான் பொருத்தம். ஏனென்றால், பொதுச்சொத்து எதனால் நிலைக்கிறது, எதனால் சீரழிகிறது என்ற இரண்டையும் இந்தச் சாலை இருநூறு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறது.

இந்தச் சாலையின் பாடம்

பிட் ஸ்திரீட் என்று வெள்ளையர் காலத்தில் வழங்கிய இந்தச் சாலையில், 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதைக் கட்ட முன்னின்றவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன். நம் மக்களுக்குக் கப்பித்தானாக, அதாவது தலைவராக, நியமிக்கப்பட்டவரும் அவரே. 1834இல் அவர் மறைந்தார். பள்ளிவாசலின் பெயரிலும் சாலையின் பெயரிலும் அவருடைய பதவிப் பெயர் இன்றும் நிற்கிறது. சற்றுத் தள்ளி 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், குவீன் ஸ்திரீட்டை நோக்கி நிற்கும் மகா மாரியம்மன் கோயில், ஆச்சே பள்ளிவாசல் என்று எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது கண்ட சிறப்புகளில் இந்த அண்டை வாழ்வும் ஒன்று.

இவை நிலைத்ததற்குப் பக்தி ஒரு காரணம். வருமானம் இன்னொரு காரணம். வக்பு செய்த, அதாவது இஸ்லாமிய முறைப்படி அறத்துக்கு எழுதி வைத்த சொத்தை விற்க முடியாது, தானமாகக் கொடுக்க முடியாது, வாரிசுகள் பங்கு பிரிக்கவும் முடியாது. அதன் வாடகை மட்டும் சொன்ன காரியத்துக்குச் செலவாக வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு முத்தவல்லி உண்டு. இத்தகைய ஏற்பாட்டைத் தமிழர்கள் கடல் கடந்து வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை, முன்பே அறிந்திருந்தார்கள். சோழர் காலக் கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்தால், ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும், மந்தையின் எண்ணிக்கையும் குறையக் கூடாது. கொடுத்தவர் விளக்கை மட்டும் நினைக்கவில்லை. நூறாண்டுக்குப் பிறகும் அதற்கு நெய் எங்கிருந்து வரும் என்றும் நினைத்தார்.

கொடை இருந்தும் கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சாலை சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கின் பல அறச்சொத்துகளில் பொறுப்பாளர்கள் மாறினார்கள், கணக்குகள் மங்கின, வழக்குகள் பெருகின. அதன் விளைவாக 1905இல் முகமதிய, இந்து அறச்சொத்துகளுக்கான சட்டம் வந்து, அதன் கீழ் ஒரு வாரியம் அமைந்தது. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த நிலம் மறுசீரமைக்கப்பட்டது. கட்டடக்கலைஞர் நியூப்ரோன்னரின் வரைபடத்தில் பள்ளிவாசலும் விரிந்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேரும் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. இந்த நகர்ப்பகுதியின் கதையை விரிவாக அறிய விரும்புவோர் கூ சல்மா நசுத்தியோன் பினாங்கில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களைப் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படிக்க வேண்டும்.

ஆக, பொதுச்சொத்து நிலைக்க மூன்று வேண்டும்: நிலையான வருமானம், பொறுப்பேற்கும் ஒருவர், ஊர் பார்க்கும் கணக்கு. இந்த அளவுகோலோடு நம் நூலகத்துக்கும் குளத்துக்கும் திடலுக்கும் வருகிறேன்.

எல்லோருக்கும் உரியதாக ஆன கதை

பினாங்கில் 1817லேயே நூலகம் இருந்தது. ஆனால் அது சந்தா கட்டியவர்களின் நூலகம். கடற்கரைப் பாடாங் திடலில் ஆட்டம் நடந்தது. ஆடியவர்கள் கிளப் உறுப்பினர்கள். 1903இல் தஞ்சோங் பூங்காவை அடுத்த கடலோரத்தில் ஐரோப்பியர் ஒரு நீச்சல் கிளப் தொடங்கினார்கள். சீனர்களும் தங்களுக்கென ஒன்றை நிறுவிக்கொண்டார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் தொழிலாளிக்கு நூலும் நீரும் புல்லும் கண்ணெதிரே இருந்தன, கைக்கு எட்டவில்லை.

கைக்கு எட்டும்படி செய்தது ஊராட்சி. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசில் முதல் மாநகராக இந்நகர் உயர்ந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் மேயராக அமர்ந்தார். அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை உண்டு. மின்சாரமும் பேருந்தும் குடிநீரும் மாநகர் மன்றத்தின் கையில் இருந்த காலம் அது. விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் கேட்கவும் முடியும்.

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நம்மவரான ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் முடிந்த அவர் அறிக்கை தெளிவாகப் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். 2012இல் பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது தோற்றது.

இதையெல்லாம் அரசியலுக்காகச் சொல்லவில்லை. திடலில் புல் வெட்டாததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி இந்த வரலாற்றோடு பிணைந்திருப்பதால் சொல்கிறேன்.

ஒரு குடும்பம், ஐந்து வாசல்

இன்று ஜார்ஜ் டவுன் உள்நகரில் ஒரு குடும்பம் சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நூலகம் மாநிலப் பொது நூலகக் கழகத்தின் பொறுப்பு. 1968இல் சிங்கப்பூர் நூலகர் ஹெட்விக் அனுவார் மலேசியாவுக்கு எழுதிக் கொடுத்த நூலக வளர்ச்சித் திட்டத்தை ஒட்டி மாநிலந்தோறும் எழுந்த அமைப்பு அது. திடலும் பூங்காவும் பெரும்பாலும் மாநகர் மன்றத்தினுடையவை. பிராங்கின் கால்வாயோரம் 2019இல் திறந்த சியா போய் பூங்காவை உருவாக்கியது பினாங்கு மேம்பாட்டுக் கழகம். பள்ளித் திடல் கல்வி அமைச்சினுடையது. இளைஞர் விளையாட்டு வளாகங்கள் கூட்டரசு அமைச்சினுடையவை. சட்டத்திலும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது, விளையாட்டு பொதுப் பட்டியலில் இருக்கிறது.

குடும்பம் ஒன்று, வாசல் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம், வேறு விண்ணப்பம், வேறு தொலைபேசி எண். மாலை 5 மணிக்கு நூலகம் மூடுகிறது. பெற்றோர் வேலை முடிந்து வருவது அதற்குப் பிறகுதான். ஞாயிறன்று பள்ளித் திடலின் வாயிற்கதவு பூட்டிக் கிடக்க, பிள்ளைகள் கடைவீட்டு முன் நடைபாதையான அஞ்சடியில் பந்து உதைக்கிறார்கள். எந்த அதிகாரியும் தவறு செய்யவில்லை. அவரவர் தத்தம் விதிப்படிதான் நடக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் ஒரு நாளை முழுதாகப் பார்க்கும் இருக்கைதான் எங்கும் இல்லை.

இதற்கு மேல் மக்கள் தொகையும் இடம் மாறிவிட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது உள்நகரக் கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. பாயான் பாருவிலும் அதைச் சுற்றியும் புதிய தாமான் குடியிருப்புகள் நிறைந்தன. பெரிய அரங்கும் நீச்சல் வளாகமும் அங்கே எழுந்தன. பின்னர் அந்த வளாகம் தனியார் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் ஸ்பைஸ் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. உள்நகரில் தங்கியவர்கள் முதியவர்கள், சிறுகடைக்காரர்கள், அறை எடுத்துத் தங்கும் தொழிலாளர்கள். கார் இல்லாதவருக்குத்தான் பக்கத்திலேயே நூலகமும் திடலும் அதிகம் வேண்டும்.

பராமரிப்பை அருகில் சென்று பார்ப்போம்

மூன்றையும் ஒரே பட்டியலில் எழுதினாலும் மூன்றுக்கும் தேவை வேறு. நிர்வாகத்துக்கு வருபவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆள் இறங்குமுன் பணியாளர் முழங்கை ஆழத்தில் நீர் எடுக்கிறார். ஒரு குழாயில் மாத்திரை போட்டால் நீர் இளஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பின் அழுத்தம்தான் குளோரின் அளவு. இன்னொரு குழாயில் அமில-கார அளவு (pH) பார்க்கிறார். 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது, கீழே போனால் கண் எரியும், குழாய் அரிக்கும். நம் ஊர் வெயில் நண்பகலுக்குள் திறந்தவெளிக் குளத்தின் குளோரினைத் தின்றுவிடும். மாலை மழை மிச்சத்தைக் கரைத்துவிடும். இடி கேட்டால் எல்லோரையும் கரையேற்ற வேண்டும். பத்துப் பேர் நீந்தினாலும் இருநூறு பேர் நீந்தினாலும் நீரேற்றி ஓட வேண்டும், உயிர்காப்பாளர் நிற்க வேண்டும். அதனால் நுழைவுக் கட்டணத்தால் மட்டும் ஒரு பொதுக் குளம் பிழைப்பது அரிது. நீரேற்றியைப் பழுது பார்க்கப் பணம் ஒதுக்காத ஆண்டில்தான் வாயிலில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்ற பலகை தொங்கும்.

திடலின் எதிரி ஈரம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும். ஊறிய மண்ணில் ஆடினால் மண் இறுகிவிடும், பிறகு நீர் உள்ளே இறங்காது. கோல் கம்பத்துக்கு முன்னால் முதலில் புல் போகும், அடுத்து அங்கே குட்டை தேங்கும். ஓரச் சாக்கடையில் மரத்தின் இலை அடைத்திருந்தால் ஒரே பருவத்தில் திடல் கெட்டுவிடும். மாநாட்டுக்கும் சந்தைக்கும் கூடாரம் போட்டு லாரி ஏற்றினால் சொல்லவே வேண்டாம். திடலுக்கு ஓய்வு நாள் வேண்டும். அந்த நாளை அட்டவணையில் எழுதி வைக்கத் துணிவுள்ள நிர்வாகியும் வேண்டும்.

நூலகத்தின் சீரழிவு கண்ணுக்குத் தெரியாது. ஈரக்காற்றில் பூஞ்சையும் கரையானும் வரும். அவற்றைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாதவர் நூல்களை அடுக்கும்போது நாவலும் சமையல் குறிப்பும் நீரிழிவு பற்றிய கையேடும் அட்டையிலுள்ள எழுத்தை மட்டும் பார்த்து ஒரே தட்டில் ஏறுகின்றன. ஒரே ஆசிரியரின் பெயர் உரோமன் எழுத்தில் மூன்று விதமாகப் பட்டியலில் பதிவாகிறது. தேடி வருபவருக்குப் புத்தகம் கிடைக்காது. யாரும் எடுக்கவில்லை என்று புள்ளிவிவரம் சொல்லும். வாசகர் இல்லை என்று அடுத்த ஆண்டு கொள்முதல் குறையும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அவருடைய தாய்மொழியின் நூல்களுக்கே அந்த விதி எட்டாமல் போவது நாம் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

பணம் எங்கிருந்து வரும்?

பிற இடங்கள் இந்தக் கேள்வியை எப்படிச் சந்தித்தன என்று பார்ப்போம். பிரிட்டனில் 1850இல் பொது நூலகச் சட்டம் வந்தது. வரிப்பணத்தில் கட்டடம் எழுப்பலாம், ஆள் வைக்கலாம், ஆனால் புத்தகம் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் வைத்தது. புத்தகம் வள்ளல்களிடமிருந்து வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. 1855இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டுவதற்கு ஒதுக்கி நடத்துவதற்கு ஒதுக்காத அந்த வழக்கம் இன்றும் எங்கும் தொடர்கிறது.

தமிழ்நாடு வேறு வழி கண்டது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்கள் ஊர் ஊராகப் போயின. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக 1948இல் சென்னை மாகாணம் நூலகச் சட்டம் இயற்றியது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். சொத்து வரியில் அது இன்று 10 விழுக்காடு. ஊராட்சிகள் வசூலித்த பணத்தை உரிய நேரத்தில் கொடுப்பதில்லை என்ற குறை அங்கே பல காலமாக உண்டு. ஆனாலும் சிற்றூரில்கூட நூலகம் நிற்பதற்கு அந்த வரிதான் அடிப்படை.

யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே நூல்களைத் திரட்டி ஒரு நூலகத்தைத் தொடங்கினார். 1935இல் நகர சபை அதை ஏற்றுக்கொண்டது. 1959இல் புதுக் கட்டடம் திறந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டது. எரிந்த பிறகும் மீண்டும் எழுந்ததற்கு ஒரு காரணம், அதைத் தன்னுடையது என்று கருதிய ஓர் ஊரும் ஒரு மாநகர சபையும் இருந்தன.

இங்கிலாந்தின் கிரீனிச்சில் 1993இல் ஊராட்சியின் நிதி குறைந்தபோது, குளங்களையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் பணியாளர்களே சேர்ந்து நடத்தும் இலாப நோக்கற்ற சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அது வளர்ந்து பின்னாளில் வேறு ஊர்களின் நூலகங்களையும் ஏற்றது. ஒரு கூடத்தின் வருவாய் இன்னொன்றின் பற்றாக்குறையை ஈடு செய்யும் என்பதே இதன் பலம். பலவீனம் 2020 பெருந்தொற்றில் தெரிந்தது. கட்டணத்தை நம்பிய இத்தகைய அமைப்புகள் பல கதவை மூடிய சில மாதங்களிலேயே தடுமாறின. அரசு 10 கோடி பவுண்டு மீட்பு நிதி கொடுக்க நேர்ந்தது. நிர்வாகத்தை ஒப்படைக்கலாம். இழப்பின் பொறுப்பை முழுக்க ஒப்படைக்க முடியாது.

சிங்கப்பூரின் தெம்பனீசில் 2017இல் திறந்த வளாகத்தில் வட்டார நூலகம், ஆறு நீச்சல் குளங்கள், விளையாட்டரங்கு, உணவங்காடி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பல அரசு அமைப்புகள் ஒன்றாக அமர்ந்து செய்த வேலை அது. பாட்டி உணவங்காடியில் இருக்க, பேத்தி நீந்த, பேரன் நூலகத்தில் இருக்கலாம். மரபுரிமை நகரான நம் உள்நகரில் அப்படி ஒரு பெருங்கட்டடம் எழுப்ப முடியாது, எழுப்பவும் வேண்டாம். கூரையை ஒன்றாக்க முடியாவிட்டாலும் நிர்வாகத்தை ஒன்றாக்க முடியும்.

நான் முன்வைக்கும் நான்கு

முதலாவது, ஒரே முகவரி. ஜார்ஜ் டவுன் உள்நகருக்கு ஒரு கூட்டு அறக்கட்டளை வாரியம் அமையட்டும். நிலம் யாருடையதோ அவருடையதாகவே இருக்கட்டும். திறக்கும் நேரம், முன்பதிவு, பழுது பார்ப்பு, பணியாளர் பயிற்சி ஆகியவற்றை மட்டும் அந்த வாரியம் ஏற்கட்டும். மாநகர் மன்றம், நூலகக் கழகம், கல்வி இலாகா, இஸ்லாமிய சமய மன்றம், இந்து அறப்பணி வாரியம் ஆகியோருக்கு அதில் இடம் வேண்டும். பள்ளித் திடல் மாலையிலும் வார இறுதியிலும் திறக்க வேண்டும். நூலகம் வாரத்தில் மூன்று நாளாவது இரவு 9 மணி வரை இயங்க வேண்டும். நூலகம் இலவசமாகவே இருக்க வேண்டும். யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949 முதல் வலியுறுத்தும் கொள்கையும் அதுதான்.

இரண்டாவது, கட்டும்போதே காப்பு நிதி. எந்தப் புதிய வசதியை எழுப்பினாலும் அதனோடு வாடகை தரும் சொத்து ஒன்றை, ஒரு கடைவீட்டையோ வாகன நிறுத்தத்தின் வருவாயையோ, விற்க முடியாத ஏற்பாடாகச் சேர்த்து எழுத வேண்டும். அது இல்லாமல் அடிக்கல் நாட்டக் கூடாது. பள்ளிவாசலுக்கு அன்று செய்ததைத்தான் குளத்துக்கும் செய்யச் சொல்கிறேன்.

மூன்றாவது, வாசலில் கணக்கு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்தன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்று விதித்தன. நாம் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அறிவித்த நேரத்தில் எத்தனை நாள் திறந்தோம், எத்தனை நாள் மூடினோம், நீர்ச் சோதனை முடிவு என்ன, ஒவ்வொரு மொழியிலும் எத்தனை நூல் வாங்கினோம், திடல் கேட்டுக் கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதை வாசலில் ஒட்டினால் போதும்.

நான்காவது, பயன்படுத்துவோரின் குரல். ஊராட்சித் தேர்தல் மீண்டும் வர வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரியத்தின் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு வட்டாரவாசிகளை, முன்வந்து பெயர் கொடுத்தவர்களிடமிருந்து, உத்திரமேரூரின் குடவோலை முறையில், அதாவது சீட்டுக் குலுக்கி, ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கலாம். நாணயம் மாற்றுபவரும் நாசி கண்டார் கடையில் வேலை செய்பவரும் தாதியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்தால், நூலகம் 5 மணிக்கு மூடுவது ஏன் என்று முதல் கூட்டத்திலேயே கேட்பார்கள்.

நமக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக நம் சமூகத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். நாம் கொடுக்கத் தெரிந்தவர்கள். அன்னதானத்துக்கும் தேருக்கும் கந்தூரிக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அது தொடரட்டும். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டளைகளை எழுதுங்கள். ஒன்று, உள்நகர நூலகத்தில் தமிழ் நூல்களைத் தமிழ் தெரிந்தவரே வகைப்படுத்திப் பட்டியலிட ஒரு பணியாளரின் ஊதியம். மற்றொன்று, தீவில் பிறந்த எந்தப் பிள்ளையும் நீந்தத் தெரியாமல் வளராதபடி, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சிக் கட்டணம். எந்த இனம், எந்தச் சமயம் என்று பார்க்காமல் கொடுங்கள். கல்வெட்டில் பெயர் வேண்டுமானால் பொறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பணத்தை முதலாக வைத்து, அதன் வருமானத்தில் காரியம் நடக்கும்படி எழுதுங்கள். கணக்கை ஆண்டுதோறும் கேளுங்கள், கேட்க உங்கள் பிள்ளைகளையும் பழக்குங்கள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வாழ்பவர்கள் இந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டாம். இந்த மாதமே ஒரு குழுவாகக் கூடி, உள்நகரின் திடல்கள், நூலகங்கள், குளங்கள் எவை, யாருடையவை, எப்போது திறக்கின்றன என்ற பட்டியலை எடுத்து மாநகர் மன்றத்திடம் கொடுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.